நான் அளவெடுக்காத ஒரே பிள்ளை

அன்றைக்கு என் தையல் மெஷின் இருக்கிற முன்னறையில் ஐந்து பேர் இருந்தோம். நான். ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்த என் மகள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார். தில்லை நகரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கும் ஓர் அம்மா. அந்த அம்மாவின் மகள். அவளும் என் மகளும் ஒரே ஸ்கூல், ஒரே வகுப்பு, செக்‌ஷன்தான் வேறு. என் வீட்டுக்காரர் இல்லை. அவருக்குக் காந்தி மார்க்கெட்டில் காய்கறி மண்டியில் வேலை, விடிவதற்கு முன்னால் போனால் மதியத்துக்கு மேல்தான் ஸ்ரீரங்கம் திரும்புவார். யார் யார் இருந்தோம் என்று இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பேசியதை யாரெல்லாம் கேட்டார்கள் என்று அதற்கப்புறம் எத்தனையோ நாள் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன்.

மே மாதக் கடைசி. எனக்கு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற சீசன் அது. யூனிஃபார்ம் துணி மூட்டை மூட்டையாக வந்து குவிந்திருக்கும். எங்கள் பக்கத்து ஸ்கூலில் எட்டாவது வரைக்கும் பாவாடை சட்டை, ஒன்பதாவதிலிருந்து சுடிதாரும் மேலே கோட்டும். அதனால் ஒன்பதாவது போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் புதிதாக அளவெடுத்தாக வேண்டும்.

லேப் அம்மாவின் மகளுக்கு நான் டேப் பிடித்தேன். இடுப்பு முப்பத்தொன்று. நோட்டில் எழுதினேன். அந்த அம்மா துணிப் பையைப் பிரித்துப் பார்த்து, "இந்தத் துணி பத்துமாங்க?" என்றார்.

"கால் மீட்டர் கூட வேணும்ங்க."

"போன வருஷம் அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் இதே துணிதானே பத்துச்சு?"

இந்தப் பேச்சு எனக்குப் பழக்கம்தான். நாலைந்து வருஷமாக நான் கால் மீட்டர் கூடக் கேட்கிறேன், நான் துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று தாய்மார்கள் நினைக்கிறார்கள். ஒருத்தர் வாசலில் நின்று சொல்லிவிட்டே போனார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அதிலிருந்து யார் கேட்டாலும் பழைய நோட்டை எடுத்துக் காட்டுவேன். அன்றைக்கும் காட்டினேன். நான் இந்த வேலை ஆரம்பித்த காலத்தில் பதின்மூன்று வயசுப் பெண் என்றால் இருபத்தாறு இஞ்சு என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். ஒரு பக்கம் முழுக்க இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தாறு என்றுதான் இருக்கும். எப்போதாவது ஒரு முப்பது வந்தால் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பேன், வெட்டும்போது தவறக் கூடாது என்று. இப்போது புள்ளி வைத்தால் பக்கம் முழுக்கப் புள்ளிதான். இருபத்தாறு வருகிற பிள்ளைக்குத்தான் புள்ளி வைக்க வேண்டியிருக்கிறது.

லேப் அம்மா நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். துணியைப் பற்றி அப்புறம் கேட்கவே இல்லை. "நாங்க ஊசியில பார்க்கிறதை நீங்க டேப்புல பார்க்கிறீங்க" என்றார். பிறகு சாதாரணமாக, "உங்க பொண்ணுக்கு எவ்ளோங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தெருவில் இருக்கிற பிள்ளைகள், அடுத்த தெருப் பிள்ளைகள், பஸ் ஏறி வருகிற பிள்ளைகள் எல்லாருடைய இடுப்பும் தோளும் என் நோட்டில் இருக்கிறது. என் மகளுடையது இல்லை. அவளுக்கு நான் டேப் பிடித்ததே கிடையாது. ஆறாவதில் பாவாடை தைத்தபோது கண் அளவில் வெட்டினேன், வளர்கிற பிள்ளை என்று உள்ளே நிறையத் துணி விட்டுத் தைத்தேன். அப்புறம் இறுக்கமாகத் தெரிகிறபோதெல்லாம் அவள் டியூஷன் போயிருக்கிற நேரத்தில் தையலைப் பிரித்துவிட்டு, ஹூக்கை நகர்த்தித் தைத்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிடுவேன். பத்து நிமிஷ வேலை. வேறு வீடாக இருந்தால் பாவாடை பத்தவில்லை என்று கடைக்குப் போயிருப்பார்கள், போகும்போது ஏன் பத்தவில்லை என்று யோசித்திருப்பார்கள். டெய்லர் வீட்டில் எதுவுமே பத்தாமல் போவதில்லை.

"அண்ணிக்குத் தெரியாதாம்" என்று நாத்தனார் சிரித்தாள். என் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவிக்கொண்டாள். "வாடி இங்க. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற கடையில நீ மட்டும் என்ன தப்பிச்சு ஓடுற?"

"டேப் கிழிஞ்சிடும் அத்தை" என்றாள் என் மகள். அவளும் சிரித்துக்கொண்டுதான் வந்து நின்றாள்.

நாத்தனார் சுற்றிப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். "முப்பத்தஞ்சு. அடியேய், என்னைவிட ரெண்டு இஞ்சு அதிகம்டி. நான் ரெண்டு பெத்தவ." சொல்லிவிட்டு நிமிர்ந்தவள் என் மகளின் பின்னலை ஒதுக்கிப் பார்த்தாள். "இதென்ன அண்ணி, கழுத்து இப்படிக் கறுத்துக் கெடக்கு? குளிக்கிறாளா இல்லையா?"

"அதைத்தான் நானும் தினம் கத்துறேன். கடலை மாவு போட்டுத் தேய்ச்சாச்சு, பீர்க்கங்கா நாரு போட்டுத் தேய்ச்சாச்சு."

லேப் அம்மா எழுந்து வந்தார். கழுத்தைத் தொடாமல் பக்கத்தில் நின்று பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது அழுக்கு இல்லீங்க. தேய்க்காதீங்க. ஒரு நாள் வெறும் வயித்துல லேபுக்குக் கூட்டிட்டு வாங்க. சுகர் பார்த்துடலாம்."

என் மகள் உள்ளே போய்விட்டாள். அந்த இன்னொரு பெண் வாசலில் கழற்றிப் போட்ட தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகர் என்ற வார்த்தை எனக்கு மற்றவர்களுக்கு மாதிரி இல்லை. என் அம்மாவுக்குக் கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் வந்தது. அது ஆறவில்லை. விரல் போனது, அப்புறம் பாதம். காலையில் கட்டுப் பிரித்து, கழுவி, மருந்து வைத்துக் கட்ட வீட்டில் ஆள் வேண்டும் என்று என்னை ஸ்கூலிலிருந்து நிறுத்தினார்கள். எட்டாவது பரீட்சை எழுதிவிட்டு வந்தவள்தான், ஒன்பதாவது வகுப்பறை எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் புண்ணின் வாடையைப் பற்றி எழுத வேண்டாம். என் அம்மாவுக்கு அது வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தது. என் மகளுக்குப் பதின்மூன்று.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம்தான். அவள் தண்ணீர் குடித்தால் எத்தனையாவது டம்ளர் என்று எண்ணினேன். பாத்ரூம் போனால் எண்ணினேன். அவள் வெறுங்காலோடு வாசலுக்குப் போனால் பின்னாலேயே செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். சர்க்கரை டப்பாவைத் துணி மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். தட்டில் சோற்றைப் பாதியாக்கினேன். இரண்டாவது நாள் கால்வாசியாக்கி வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தேன். அவள் தட்டையும் என்னையும் பார்த்தாள். இருந்ததைச் சாப்பிட்டு எழுந்தாள்.

வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. அவர் மண்டியிலிருந்து வரும்போது தினம் ஒரு பொட்டலம் கொண்டுவருவார், பஃப்ஸ், பன் பட்டர் ஜாம், மாசச் சம்பள நாளில் ஃபிரைடு ரைஸ். அவர் சின்ன வயசில் மூட்டை தூக்க வந்தபோது பசி மயக்கத்தில் தக்காளிக் கூடை மேலேயே விழுந்தவராம். மகள் கொழுகொழுவென்று இருப்பது அவருக்குப் பெருமை. அன்றைக்கும் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். நான் சொன்னேன்.

"சுகரா? பதிமூணு வயசுலயா? யாரு சொன்னா?"

"ரத்தம் எடுக்கிற அம்மா."

"அவங்க வேலையே எடுக்கிறதுதான். புள்ள நாலு வாய் திங்கிறது உனக்குப் பொறுக்கலையா?"

"எங்கம்மா காலை நீங்க பார்க்கலைங்க."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். பொட்டலம் மேஜையிலேயே இருந்தது. எண்ணெய் ஊறிக் காகிதம் கறுத்தது. யாரும் பிரிக்கவில்லை. காலையில் அவரே போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் மகள் அன்றைக்கு மெஷின் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நான் ஏதாவது தப்பு பண்ணேனா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல, போ" என்றேன். அதுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு லேபுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணீர் மட்டும் கொடுக்கலாம் என்று சொன்னது என் காதில் விழுந்ததுதான். ஆனால் மனசு வேறு கணக்குப் போட்டது. ராத்திரி சாப்பிட்டால் ரத்தத்தில் தங்கிவிடும், மதியத்தோடு நிறுத்திவிட்டால் நன்றாகக் குறைந்து வரும் என்று. வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு இரண்டு இட்லி கொடுத்தேன். அதோடு சரி. சாயங்காலம் பால்கூட இல்லை. "டெஸ்டுன்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பினாள்.

காலையில் காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போதே ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. சுகர்தான் இப்படிப் பண்ணுகிறது, வந்தேவிட்டது என்று நினைத்தேன். லேபில் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். லேப் அம்மா கையில் ரப்பரைக் கட்டுவதற்குள் சாய்ந்துவிட்டாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியதில் வாசலில் நின்ற செக்யூரிட்டி உள்ளே வந்துவிட்டார்.

படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். இரண்டு நிமிஷத்தில் கண் திறந்தாள். லேப் அம்மா விரல் நுனியில் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"கடைசியா எப்ப?"

"நேத்து மத்தியானம் ஒரு மணிக்கு."

"எதுக்குங்க?"

"ரிசல்ட் நல்லா வரட்டும்னு."

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இது மூணு மாசக் கணக்கைக் காட்டுற டெஸ்டும் சேர்த்துங்க. ஒரு நாள் பட்டினி போட்டா அது மாறிடாது. பாவம் புள்ளையைப் போட்டு" என்றார். ரத்தம் எடுத்து முடித்ததும் தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு சப்பாத்தியை எடுத்து என் மகள் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள், சாப்பிடலாமா என்று. அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டு போய் வைப்பது?

சாயங்காலம் ரிப்போர்ட்டோடு, லேப் அம்மா சொன்ன ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். அங்கே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பிள்ளைகள். அம்மாவோடு ஒருத்தி, அப்பாவோடு ஒருத்தன், தோளில் பை மாட்டி டியூஷனிலிருந்து நேரே வந்த ஒருத்தன். என் கண் சும்மா இருக்கவில்லை. முப்பத்து நாலு, முப்பத்தாறு, முப்பத்து மூணு. எல்லார் கையிலும் போன். எல்லார் கழுத்தையும் பார்த்தேன். துவாக்குடியிலிருந்து வந்த ஓர் அம்மா, "உங்க புள்ளைக்கும் கழுத்தா?" என்று கேட்டார். "ஆமாங்க." "எங்க வீட்டுல இந்தப் பழக்கமே கிடையாதுங்க, என் மாமியார் ஒல்லி" என்றார். பழக்கம் என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படிப்பதற்குள் நான் என் அம்மாவின் கால், விரல், பாதம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன்.

"சுகர் வரலை" என்றார் அவர். "ஆனா சுகருக்குப் போற வழியில நிக்கிறா. இப்பத் திரும்பினா திரும்பிடலாம்." எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. வழியில நிக்கிறா என்பது மட்டும் விழுந்தது.

"எப்பலேர்ந்து எடை கூடுச்சு?"

நான் விழித்தேன். "இந்த வருஷம்தாங்க, லாக்டவுனுக்கு அப்புறம், இல்ல போன வருஷம்…"

"ஆறாவது முடிஞ்ச லீவுல" என்றாள் என் மகள். டாக்டரம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னை அல்ல. "அப்பதான் அம்மா முதல் தடவை பாவாடையைப் பிரிச்சு விட்டாங்க. ஏழாவதுல ரெண்டு தடவை. எட்டாவதுல தீபாவளிக்கு முன்னாடி ஒண்ணு, பொங்கலுக்கு அப்புறம் ஒண்ணு. சட்டையையும் அப்பவே."

டாக்டரம்மா அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, "நீங்க டெய்லரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு நாற்காலி சுட்டது.

அவர் சொன்னதில் பயங்கரமாக எதுவும் இல்லை. பட்டினி போடக் கூடாது. அவளுக்கு என்று தனிச் சமையல் கூடாது, வீட்டில் எல்லாரும் ஒன்றையே சாப்பிட வேண்டும். கூல்டிரிங்ஸ், பாக்கெட் ஜூஸ் நிறுத்த வேண்டும். டியூஷனைக் குறைத்தாவது ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும். போனைப் பிடுங்கிக்கொண்டு ராத்திரி நேரத்தோடு தூங்க வைக்க வேண்டும். குண்டு என்று யாரும் கூப்பிடக் கூடாது, அத்தையும் சேர்த்து. கழுத்தைத் தேய்க்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட்.

திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். பஃப்ஸ் கடை எதிரிலேயே இருந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றோம்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"நான் பிரிச்சு விட்டது."

"பிரிச்ச இடத்துல ஊசி ஓட்டை வரிசையா தெரியும்மா. இஸ்திரி போட்டா போயிடுமா?" பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள், "கிளாஸ்ல உட்கார்ந்து அதை எண்ணிக்கிட்டே இருப்பேன். நீ ஒரு வார்த்தையும் சொல்லலையா, அப்ப இது சொல்லக் கூடாத விஷயம்னு நினைச்சேன். ரொம்ப அசிங்கமானதுன்னு."

"உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பண்ணேன்டி."

"பயமா இருந்துச்சும்மா."

அவளுக்கும் பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பயப்படுவதெல்லாம் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

ஸ்கூல் திறக்க நாலு நாள் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுடைய சுடிதாரும் தைத்து முடித்து அடுக்கியாயிற்று, அவளுடையது மட்டும் துணியாகவே கிடந்தது. அவளே மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். "அளவெடு."

"கண்ணாலயே வெட்டிடுவேன்."

"டேப்புல எடு. நோட்டுல எழுது. எல்லாரையும் எழுதுற மாதிரி."

டேப்பைச் சுற்றியபோது அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். "விடு" என்றேன். விட்டாள். முப்பத்தைந்து. எழுதும்போது ஐந்து கோணலாக வந்தது. தோள், மார்பு, நீளம், கை எல்லாம் எழுதினேன்.

"உள்ள எவ்வளவு துணி விடுவ?" என்று கேட்டாள்.

"வழக்கம்போல ரெண்டு இஞ்சு."

"எல்லாருக்கும் எவ்வளவோ அவ்வளவு விடு. டைட்டா இருந்தா நானே வந்து சொல்றேன். நீயா பிரிக்கக் கூடாது, நான் சொல்லாம டேப்பும் பிடிக்கக் கூடாது."

"சரி" என்றேன்.

என் நோட்டில் அளவுக்குக் கீழே மூன்று வரி இருக்கும். கூலி, முன்பணம், பாக்கி. அவள் பேனாவை வாங்கி, சுடிதாரும் கோட்டும் சேர்த்து ஐந்நூறு என்று தானே எழுதினாள். டவுசர் பையிலிருந்து இரண்டு பத்து ரூபாய்த் தாளை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். ஜூஸ் வாங்க அப்பா கொடுத்ததாம், வாங்கவில்லையாம்.

"மீதியை எப்பம்மா தருவீங்க?" என்று கேட்டேன். கடைக்கு வருகிறவர்களைக் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"மூணு மாச டெஸ்ட் அன்னைக்கு. அதுவரைக்கும் கேட்கக் கூடாது."

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். விடியற்காலையில் இரண்டு பேரும் சித்திரை வீதியைச் சுற்றி நடக்கிறோம். முதல் வாரம் அவள் ஒரு சுற்றில் உட்கார்ந்துவிட்டாள், இப்போது நான்தான் உட்காருகிறேன், அவள் அடுத்த சுற்றுக்குப் போய்விடுகிறாள். அவளோடு அந்த லேப் அம்மாவின் மகளும் சேர்ந்துகொண்டாள். வீட்டுக்காரர் பொட்டலத்துக்குப் பதில் மண்டியிலிருந்து கொய்யாவும் கீரைக்கட்டும் கொண்டுவருகிறார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் கொண்டுவருகிறார், ஆனால் நாலு பேர் தட்டிலும் ஒரே சாப்பாடு என்றதும் அவருடைய பேன்ட்டே லூஸாகிவிட்டது. நாலாவது ஆள், சனிக்கிழமை தவறாமல் வருகிற நாத்தனார். அவள் இப்போது 'குண்டு' என்று வாய் வரை வந்ததை முழுங்கிக்கொண்டு, "வாடி, வாத்தியாரம்மா" என்கிறாள்.

என் பயம் போகவில்லை. அவள் ஒவ்வொரு காலையும் அந்தச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும்போது நான் அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன், டைட்டா இருக்கும்மா என்று சொல்லிவிடுவாளோ என்று. இதுவரை சொல்லவில்லை. லூஸாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. கழுத்து கொஞ்சம் வெளுத்த மாதிரி ஒரு நாள் தெரிகிறது, மறுநாள் அப்படியே இருக்கிறது. அவள் தூங்கும்போது அவள் டேப் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும் எனக்கு. எடுக்கவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வருகிற புதன்கிழமை டெஸ்ட். செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எங்களோடு சேர்ந்து நன்றாகச் சாப்பிட வைப்பேன். அதை மட்டும் முடிவு செய்துவிட்டேன். ரிசல்ட் என்ன வரும் என்று தெரியாது. வழியில் நிற்கிறாளா, திரும்பிவிட்டாளா, இன்னும் போய்விட்டாளா? நேற்று வேறு ஒரு பிள்ளைக்குக் கோட் தைக்க நோட்டைப் புரட்டும்போது அவள் பக்கம் வந்தது. கோணலான ஐந்து. அதற்குக் கீழே அவள் கையெழுத்து. கூலி ஐந்நூறு, முன்பணம் இருபது, பாக்கி நானூற்று எண்பது ரூபாய்.